பேரேட்டில் ஏறாதவை

2023 டிசம்பர் 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஏரல் கடைத்தெருவுக்குள் ஏறி வந்தது. அண்ணாச்சியின் பாத்திரக் கடையில் கல்லாவுக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. அந்தக் கடைக்கு நான் எழுதிய வெப் அப்ளிகேஷன் ஒரு வரி சேதமில்லாமல் கிட்ஹப்பில் இருந்தது. கடன் சீட்டுகளின் படங்கள் அத்தனையும் போய்விட்டன. அவை கிடந்த ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரை, பதிவில் சேர்க்கவேண்டாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் எழுதி விலக்கியவன் நான்தான்.

“பேரேட்டுல ஏத்தாதத வேற எங்க தம்பி வச்சிருந்த?” அண்ணாச்சி கேட்டது இவ்வளவுதான்.

விலக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அதன்பிறகுதான் தேடினேன். 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் எழுதிய, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் எஸ்.சி.சி.எஸ்.ஸில் நாமாக எடுத்துக் கொடுத்த கோப்பு மட்டுமே உள்ளே போகும். விலக்கவேண்டிய வேலையே இல்லை. அதன்பின் வந்த, ஃபோல்டரை மொத்தமாகக் கையாண்ட சி.வி.எஸ்., அறியாத கோப்பைக் கண்டால் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி போட்டுக் காட்டியது. அதை அடக்கத்தான் சி.வி.எஸ்.இக்னோர் என்ற கோப்பு. சி.வி.எஸ்.ஸுடனே வந்த விலக்குப் பட்டியலைப் பாருங்கள்: கம்பைலர் உண்டாக்கிய கோப்புகள், எடிட்டர் விட்டுப்போன பழைய நகல்கள், புரோகிராம் பாதியில் விழுந்தபோது எழுதிய ‘கோர்’. பேரேட்டில் பதிந்தபின் கிழித்துப்போடும் துண்டுச் சீட்டு மாதிரி, போனால் யாருக்கும் நஷ்டமில்லை. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட்டும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது.

வெப் அப்ளிகேஷனில்தான் பட்டியலின் குணம் மாறியது. பிறர் எழுதிய நிரல்கள் கிடக்கும் ‘நோட் மாட்யூல்ஸ்’ ஃபோல்டர் அழிந்தால் என்.பி.எம். கட்டளை திரும்ப இறக்கிக் கொடுக்கும். அதற்கு அடுத்த வரியிலேயே பாஸ்வேர்டு இருக்கும் ‘என்வ்’ கோப்பு, வாடிக்கையாளர் தந்த படங்கள். இவற்றை விலக்குவது சரியே; பாஸ்வேர்டை ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய பதிவுகளில் நிற்கும். ஆனால் இவற்றைத் திரும்ப உண்டாக்கித்தர எந்தக் கட்டளையும் கிடையாது. தானே திரும்புவதும் திரும்பாததும் ஒரே பட்டியலில், ஒரே மாதிரி எழுத்தில் கிடக்கின்றன.

இப்போது என் கிட்இக்னோரை இரண்டாகப் பிரித்து எழுதுகிறேன். தானே திரும்பாதவை இருக்கும் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஹாஷ் குறி போட்டு, நகல் எங்கே என்று குறிக்கிறேன். அண்ணாச்சி கடைப் படங்களுக்கு: ‘இரவு 10 மணி, சென்னை சர்வர்.’ என்வ் கோப்புக்கு: ‘மாடி இரும்புப்பெட்டி, உறையில்.’