கயிறு இல்லாத முத்துக்குளிப்பு: ஸ்கூபா டைவர்களின் ஆபத்துச் சைகைகள்

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகிய வருஷம் பிள்ளைகள் நீந்தப் பழகுவார்கள். பெருகாத வருஷம் அதுவும் கிடையாது. ஆனால் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து சபுர் போன நம் பிள்ளைகள் சிலர் இன்று ஃபுஜைராவிலும் ஜித்தாவிலும் வார விடுமுறைக்கு ஸ்கூபா டைவிங் போகிறார்கள். முதுகில் சிலிண்டர் கட்டிய படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. கடலுக்கு அடியில் எடுத்த படத்தில் மகன் கட்டைவிரலை உயர்த்தியிருந்தால், 'நல்லா இருக்கேன்' என்கிறான் என்று ஊரில் அத்தாவும் அம்மாவும் எடுத்துக்கொள்வார்கள். தண்ணீருக்கு அடியில் அதற்கு அர்த்தம் வேறு: 'போதும், மேலே போகலாம்.'

கடலடியில் வாய் பேச முடியாது. ஆபத்தை எப்படிச் சொல்வது என்ற கேள்வி மூழ்கும் தொழில் அளவுக்குப் பழையது. 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா, பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றித் தம் பயணநூலில் எழுதியிருக்கிறார். மூழ்குபவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்குவார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். மேலே பிடித்திருப்பவர் அதை உணர்ந்து இழுத்துக்கொள்வார். வளைகுடா அரபியில் மூழ்குபவருக்கு 'ஃகைஸ்', கயிறு பிடிப்பவருக்கு 'ஸீப்' என்று தனித்தனிப் பெயரே உண்டு.

நம் மன்னார் வளைகுடாவிலும் இதே முறைதான். கல்லைக் கட்டிய கயிற்றில் சட்டென்று அடிக்கு இறங்கி, சிப்பியைக் கூடையில் வாரி, மூச்சு தீருமுன் கயிற்றைச் சுண்டுவார்கள். 1900களின் தொடக்கத்தில் இலங்கையின் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்புகளில் கீழக்கரை முஸ்லிம்களும், பரதவர்களும், அரபு நாட்டினரும் ஒரே கடலில் மூழ்கினார்கள். கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மூழ்குபவரின் மச்சானாக இருப்பார் என்று தென்கடலோரத்தில் இன்றும் சொல்வார்கள். தன் தங்கை விதவையாவதை விரும்பாதவன் கவனமாகப் பிடிப்பான் என்ற கணக்கு! இது எந்த அளவுக்கு விதியாக இருந்ததோ, கணக்கு சரியானதுதான். சைகை கொடுப்பவரைவிட, அதற்காகக் காத்திருப்பவர் யார் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் 'அக்வாலங்' கருவியை உருவாக்கினார்கள். சிலிண்டர் காற்றைத் தேவைக்கேற்ப வாய்க்குக் கொடுக்கும் அந்தக் கருவி, மூழ்குபவரைக் கயிற்றிலிருந்து விடுவித்தது. கூடவே கயிற்றின் மறுமுனையில் இருந்த மச்சானையும் எடுத்துவிட்டது. அந்த இடத்துக்கு வந்தவர்தான் 'படி' எனப்படும் ஜோடி டைவர். இருவரும் ஒன்றாக இறங்கி, ஒருவரையொருவர் கண்பார்வையில் வைத்து, ஒன்றாக ஏற வேண்டும். கைச் சைகைகள் எல்லாம் இந்த ஜோடியை நம்பியே இருக்கின்றன. ஜோடி வேறு பக்கம் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தச் சைகையும் வேலை செய்யாது.

கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் 'ஓகே'. இது கேள்வியும் ஆகும், பதிலும் ஆகும். கேட்டவருக்குப் பதில் வரவில்லை என்றால் அதையே பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டும். விரல்களை விரித்த உள்ளங்கையைக் கீழ்நோக்கி இருபுறமும் ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. பிறகு காது, முகக்கவசம் என எது சரியில்லையோ அதைச் சுட்ட வேண்டும். மூடிய முஷ்டியை நெஞ்சில் வைத்தால் காற்று குறைந்துவிட்டது. விறைத்த கையைக் கழுத்துக்குக் குறுக்கே கத்திபோல் இழுத்தால் காற்றே இல்லை.

இந்தக் கடைசிச் சைகைக்குப் பிறகு பேச்சுவார்த்தைக்கு நேரமில்லை. ஒவ்வொரு டைவரின் உடுப்பிலும் 'ஆக்டோபஸ்' எனப்படும் இரண்டாவது வாய்க்கருவி தொங்கும். சட்டென்று கண்ணில் படுவதற்காகப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், மார்புப் பகுதியில் இருக்கும். ஜோடி அதைக் கொடுப்பார். ஒருவரையொருவர் பிடித்தபடி இருவரும் ஒரே சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டு ஏறுவார்கள். பதறி மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதுதான் பெரிய ஆபத்து. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிறைத்த காற்று மேற்பரப்பில் இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் அதைத் தாங்காது. அதனால் மூச்சு விட்டுக்கொண்டே, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறச் சொல்கிறார்கள்.

கட்டைவிரல் சைகைக்கு ஒரு மரியாதை உண்டு. யாரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் அதைக் காட்டலாம். 'இன்னும் அஞ்சு நிமிஷம் இருப்போமே' என்று எதிர்வாதம் செய்யக் கூடாது. ஏன் என்பதைப் படகில் ஏறிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஜோடி திரும்பிப் பார்க்கவில்லை என்றால் சிலிண்டரை உலோகத்தால் தட்டுவார்கள். தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிக வேகத்தில் போகிறது. ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது. ஆகவே தட்டினால் கவனம் கிடைக்கும், இடம் தெரியாது. இரவில் டார்ச்சால் வட்டம் போட்டால் 'ஓகே'. வேகமாக இருபுறமும் வீசினால் அவசரம்.

குடும்பத்தோடு படகில் போய், மேலே காத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இனிதான். தலைக்கு மேல் இரு கைகளாலும் பெரிய வட்டம் காட்டினால் நலம். ஒரு கையை மட்டும் உயர்த்திப் பக்கவாட்டில் வீசினால் உதவி வேண்டும். டாட்டா காட்டுகிறார் என்று நாமும் பதிலுக்குக் கையசைத்தால் நிமிடங்கள் போய்விடும். இன்னொன்று: மூச்சுத் திணறி மூழ்கிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் கத்தவும் மாட்டார், கையசைக்கவும் மாட்டார். அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிரான்செஸ்கோ பியா இதைக் கவனித்துப் பதிவு செய்தார். கைகள் இரண்டும் தாமாகவே தண்ணீரைக் கீழே அழுத்தும். வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக இருக்கும். 20 முதல் 60 வினாடிக்குள் ஆள் மூழ்கிவிடலாம். கண்மாயில் குளிக்கும் பிள்ளைகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

நீரோட்டம் படகிலிருந்து இழுத்துப் போனால், அலைகளுக்கு நடுவே ஒரு தலையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்காக டைவர்கள் ஆளுயரத்துக்கு ஊதிப் பெருக்கும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாய், விசில், சிறு கண்ணாடி வைத்திருப்பார்கள். படகோட்டி வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனலில் 'மேடே' என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்வார். இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554, அமீரகத்தில் 996.

டைவ் முடிந்த பிறகும் உடம்பு சைகை காட்டும். மூட்டுவலி, கைகால் மரத்துப்போதல், தலைசுற்றல் வந்தால் களைப்பு என்று படுக்கக் கூடாது. ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டியிருக்கலாம். ஆக்ஸிஜனும் மருத்துவமனையும் உடனே தேவை. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. லீவில் ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தின மாலை கடலில் இறங்குபவர்கள் கவனிக்க!

கயிறு முற்றாகப் போய்விடவில்லை. கலங்கிய நீரில் தேடும் மீட்பு டைவர்கள் இன்றும் கயிற்றோடுதான் இறங்குகிறார்கள். பரவலான ஒரு முறையில் ஒரு சுண்டு 'நலம்', இரண்டு 'கயிறு விடு', மூன்று 'கயிற்றை இழு', நான்கு 'ஆபத்து'. கடற்படைகளின் கணக்கு வேறு. அதனால் இறங்குமுன் இருவரும் பேசி முடிவு செய்துகொள்வது கட்டாயம்.

நம் கரிசல் காட்டில் கிணறு தூர்வார இறங்குபவருக்கும் இது உதவும். பாழ்கிணற்றின் அடியில் விஷவாயு இருந்தால் வாசனைகூடத் தெரியாமல் மயக்கம் வரும். மயங்கியவரால் கயிற்றைச் சுண்ட முடியாது. ஆகவே கயிற்றைக் கையில் பிடித்து இறங்காமல் அக்குளுக்குக் கீழே உடம்போடு கட்ட வேண்டும். கேள்வியை மேலே நிற்பவர்தான் அடிக்கடி கேட்க வேண்டும்: ஒரு சுண்டு, பதிலுக்கு ஒரு சுண்டு. பதில் வராவிட்டால் உடனே இழுக்க வேண்டும். இழுக்க முடியவில்லை என்றாலும் பின்னாலேயே இன்னொருவர் இறங்கிவிடக் கூடாது. 112க்கு அழைத்துத் தீயணைப்புப் படையை வரவழைக்க வேண்டும்.