ஸ்டாண்டர்ட் 2000: புது உடலில் பழைய இதயம்

பழைய காருக்குப் பிற்கால எஞ்சின் பொருத்துவது இங்கிலாந்துக் கார்ப் பிரியர்களின் நெடுநாள் வழக்கம். 1962இல் வெளிவந்த எம்.ஜி.பி. என்னும் பந்தயச் சாயல் காரில் இருந்தது 1,798 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். அதை எடுத்துவிட்டு ரோவர் நிறுவனத்தின் 3,528 சி.சி. வி8 எஞ்சினைப் பொருத்தி விற்றார் கென் காஸ்டெல்லோ. 1973இல் எம்.ஜி. நிறுவனமே அவர் வழியைப் பின்பற்றியது. இதற்கு நேர்மாறானதொரு மாற்றம் நம் ஊரில் நிகழ்ந்தது. நாம் இங்கு நினைவுகூர விரும்புவது அதைத்தான்.

பெரும்பாக்கத்திலிருந்து தாம்பரம் வழியாக வண்டலூர் செல்வோர், பெருங்களத்தூரில் ஒரு தகவல் தொழில்நுட்ப வளாகத்தைக் கடந்து செல்வர். அங்குதான் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1948இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் வான்கார்ட், ஹெரால்ட் ஆகிய கார்களைச் செய்தது. தாய்நாட்டில் செய்யப்படாத நான்கு கதவு ஹெரால்டை நம் தொழிலாளர்கள் செய்தனர்.

1985இல் அங்கிருந்து வெளிவந்தது ஸ்டாண்டர்ட் 2000. அதன் உடல் 1976இல் அறிமுகமான ரோவர் எஸ்.டி.1, 1977இல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வு பெற்றது. இங்கிலாந்தில் அவ்வுடலுக்குள் முதலில் ஒலித்ததும் மேற்சொன்ன வி8 எஞ்சின்தான். பெருங்களத்தூரிலோ 1,991 சி.சி. வான்கார்ட் எஞ்சின் பொருத்தப்பட்டது. போருக்குப் பின் பிறந்த அந்த எஞ்சின் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரையும் உழவுக்கு இழுத்தது. 1953இல் ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற இரண்டு இருக்கைக் காரையும் விரைந்தோடச் செய்தது. எடை குறைந்த அச்சிறு காருக்கு அது பொருந்திற்று. அதைவிட மிகுந்த எடையுள்ள காரை, முப்பதாண்டுகள் கழித்து அது எங்ஙனம் தாங்கும்?

அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் உரிம முறையும் நெருக்கிய காலம் அது. பழகிய எஞ்சினையே நாடியதன் காரணம் நமக்கு விளங்காமலில்லை. ஆயினும் 1983 இறுதியிலேயே மாருதி வந்துவிட்டது. வாங்குவோர் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டனர். 1984இல் வந்த காண்டெஸாவும் வாக்ஸால் உடலில் பழைய 1,489 சி.சி. பிரிட்டிஷ் எஞ்சினோடுதான் புறப்பட்டது. ஆனால் சில ஆண்டுகளில் ஜப்பானிய இசுசு எஞ்சின் பெற்று 2002 வரை ஓடியது. அத்தகைய மறுவாழ்வு ஸ்டாண்டர்ட் 2000க்கு வாய்க்கவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் மூடப்பட்டது.

பயன்படாமல் எஞ்சிய உதிரிப் பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் நிறுவனம் பின்னாளில் வாங்கிக்கொண்டது. பெருங்களத்தூரில் கிடந்த ரோவர் பாகங்கள், தாய்நாட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த எஸ்.டி.1 கார்களுக்கு உதவச் சென்றன. நம் தொழிலாளர்களின் கைத்திறன் குறைவுபட்டதாக எவரும் சொல்லவியலாது. அழகிய உடலை வாங்கிவந்து, இதயத்தில் சிக்கனம் பார்த்த முடிவுக்கு அவர்கள் தம் வேலையை விலையாகக் கொடுத்தனர்.