தமிழர் குழலும் அதன் ஆக்கமும்

இசைக் கருவிகளுள் மனிதன் முதன்முதல் கைக்கொண்டவற்றுள் ஒன்று குழல். அதனை அவனுக்குக் கற்பித்த ஆசான் காற்றேயாம் என்று கொள்ளுதல் பொருந்தும். வண்டு துளைத்த மூங்கிலிலே கோடைக் காற்றுப் புகுந்து குழலிசையாக ஒலிப்பதைக் கபிலர் அகநானூற்று 82 ஆம் செய்யுளிலே காட்டுகின்றார். வள்ளுவரோ குழலையும் யாழையும் இனிமைக்கு எல்லையாக வைத்து, மழலையை அவற்றுக்கும் மேலே வைத்தார். குன்றுதோறாடும் முருகப் பெருமானையும் குழலுடையவனாகவே திருமுருகாற்றுப்படை பேசுகின்றது. குழலின் புகழை இவ்வாறு எடுத்தோதுவார் பலர். ஆயின் அக்குழல் எதனால், எவ்வளவில், எம்முறையிற் செய்யப்பட்டது என்று வினவுவார் சிலரே. அவ்வினாவுக்கு நம் முன்னோர் விடை எழுதி வைத்துப் போயினர். அதனை இளைஞர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆயர் கைக் குழல்

குழல் செய்த கைகளுட் பழமையானவை ஆயர் கைகள். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் இடையனைக் காட்டுகின்றார். அவன் தீக்கடைகோலைக் கையாற் கடைந்து நெருப்பு உண்டாக்குகின்றான். அந்நெருப்புக் கொள்ளியினாலே குழலுக்குத் துளை இடுகின்றான். அக்குழலிலே பாலைப் பண்ணை வாசிக்கின்றான். அது சலித்தபொழுது குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து மீட்டுகின்றான். கருவி செய்வோனும் அதனை இசைப்போனும் ஒருவனே என்பது இங்கே கருதத்தக்கது.

தீயாலே துளையிடுதற்குக் காரணம் உண்டு. மூங்கிலின் நார்கள் நெடுக ஓடுவன. கூரிய கருவியால் அழுத்தித் துளைத்தால் அந்நார் வழியே பிளவு ஓடும். பழுக்கக் காய்ச்சிய கோலோ நாரைப் பிளவாது எரித்துச் செல்லும்; துளையின் ஓரமும் கருகி இறுகும். இன்றும் மூங்கிற் குழல் செய்வோர் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியினாலேயே துளையிடுவதைக் காணலாம். ஏறக்குறைய 2000 ஆண்டுகளாக இம்முறை மாறாது வந்திருக்கின்றது.

ஆயர் குலத்துக் குழலுக்குத் தெய்வச் சிறப்பை அளித்தவர் ஆனாய நாயனார். மேல்மழநாட்டு மங்கலத்திலே பசு மேய்த்த அவர், பூத்த கொன்றையைச் சிவபெருமானாகவே கண்டு, திருவைந்தெழுத்தைக் குழலிலே அமைத்து வாசித்தார். சேக்கிழார் பெருமான் அவ்விசையின் பயனை மாத்திரம் பாடி அமைந்தாரல்லர். நூல் முறைப்படி வளர்ந்த மூங்கிலை அரிந்ததும், சுரத் தானங்களுக்குத் துளை நிரைத்ததும், காற்றுப் புகும் துளையை அமைத்ததும், இடைவெளியை விரல் அளவால் வகுத்ததும் ஆகிய யாவற்றையும் முறையே சொல்லிய பின்னரே இசையைச் சொல்லுகின்றார். கருவியைச் செம்மையாக ஆக்குதலும் அவ்வடியாருக்கு வழிபாட்டின் ஓர் உறுப்பாயிற்று.

அடியார்க்குநல்லார் தரும் கணக்கு

குழலின் இலக்கணத்தை விரிவாகத் தருபவர் சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார். அரங்கேற்று காதையிலே குழலோன் அமைதி கூறும் பகுதிக்கு அவர் எழுதிய உரை, ஒரு தச்சன் கையிற் கொடுத்து வேலை செய்விக்கத் தக்கது.

குழல் ஐந்து பொருள்களாற் செய்யப்படும் என்கின்றார்: மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி. இவற்றுள் மூங்கில் தலையாயது, வெண்கலம் இடைப்பட்டது, ஏனைய மரங்கள் கடைப்பட்டன. இது நூல் வழக்கு. ஆயினும் மூங்கில் காலத்துக்குக் காலம் வேறுபடும், வெண்கலம் வலியது, மரம் எக்காலத்தும் ஒரு தன்மையாய் நிற்கும் என்று குணங்களையும் பிரித்துக் காட்டி, தம் காலத்திலே கருங்காலியே பெருவழக்காயிற்று என்றும் கூறுகின்றார். நூல் விதி ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் இருந்தமையை மறையாது எழுதிய அவருடைய நேர்மை போற்றத்தக்கது.

மரத்தைத் தெரியும் முறையும் உண்டு. பல திசைக் காற்றும் வந்து மோதாத இடத்திலே வளர்ந்த மரமாக அது இருத்தல் வேண்டும். மிக இளையதும் ஆகாது, மிக முதியதும் ஆகாது. வெட்டிய மரத்தை நிழலிலே ஆறவிட்டு, அது திருகுமோ பிளக்குமோ என்று பார்த்து, ஓராண்டு கழிந்த பின்னரே குழலாகக் கடைதல் வேண்டும். அவசரக்காரனுக்கு இத்தொழிலில் இடமில்லை.

இனி அளவு. நீளம் 20 விரல்; சுற்றளவு 4½ விரல். ஒரு விரலை முக்கால் அங்குலமாகக் கொண்டால் நீளம் 15 அங்குலம். குறுக்களவு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். உள்ளே கடையும்போது மரத்தின் கனம் அரிசியிற் பாதியளவாக நிற்றல் வேண்டும். இடமுகத்தை வெண்கல அணைசினால் அடைத்து வலமுகத்தைத் திறந்து விடுதல் வேண்டும். அடைத்த முனையினின்றும் 2 விரல் விட்டு வாய்த்துளை. அதிலிருந்து 7 விரல் வெற்றிடம். பின்னர் 9 விரலுள் 8 துளைகள். எஞ்சிய 2 விரல் கடைமுனை. கூட்டிப் பார்மின்: இரண்டும் ஏழும் ஒன்பதும் இரண்டும் இருபதாகின்றன.

எட்டுத் துளைகளுள் ஒன்று முத்திரை எனக் கழிக்கப்படும். ஏனைய ஏழினையும் இடக்கையின் மூன்று விரலும் வலக்கையின் நான்கு விரலும் ஆளும். இன்று கர்நாடக இசையரங்கிலே வழங்கும் குழலை எடுத்துப் பாருங்கள்: அதிலும் விரற்றுளை எட்டு, விரல்கள் ஆளுவன ஏழு. கருங்காலி போய் மூங்கில் மீண்டும் வந்தது; துளைக் கணக்கோ மாறவில்லை. கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) குழலைத் தனிக் கச்சேரிக்குரிய கருவியாக உயர்த்தியதும், அவர் மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவ் (1882–1962) அதனை வளர்த்ததும், டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) விரலாட்சியிலே புதுமை செய்ததும் இவ்வெட்டுத் துளைகளின் மேலேயாம்.

ஏடும் கையும்

இவ்வுரையோடு கூடிய சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் 1892 ஆம் ஆண்டிலே அச்சேற்றினார். அதே ஆண்டிலேதான் காரைதீவிலே விபுலாநந்த அடிகள் பிறந்தார். அடிகள் அரங்கேற்று காதையைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1947 ஆம் ஆண்டிலே திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூலை அரங்கேற்றினார். அவர் கண்ட கணக்கின்படி யாழ்கள் செய்விக்கப்பட்டு அவ்வரங்கிலே ஒலித்தன. ஏட்டிலே கிடந்த அளவு மரத்திலே ஏறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

யாழுக்கு அடிகள் செய்ததைக் குழலுக்குச் செய்வார் யார்? ஏட்டிலே இருக்கின்றது என்று நாம் ஆறியிருத்தல் ஆகாது. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏட்டுச் செல்வம் ஓரிரவிலே சாம்பராகக் கூடியது என்பதை நாம் கண்டோம். கையிலே பயின்ற அறிவும் அவ்வாறே அழியக்கூடியதுதான். ஆனால் அது பல கைகளிலே பரவியிருந்தால் ஒரு தீ அதனை அழித்தல் அரிது.

இளைஞருக்குச் சில சொல்

ஓய்வு நேரத்திலே குழல் செய்ய விரும்பும் இளைஞர் கருங்காலியைத் தேட வேண்டுவதில்லை. நம் நாட்டுக் காடுகளுக்கு அணியாகிய அம்மரம் இன்று சட்டத்தாற் காக்கப்படுவது. அதனை வெட்டாது விடுதலே அறம். மூங்கில் போதும். முற்றிய, கணு நீண்ட மூங்கிலைத் தெரிந்து, சில நாள் நீரிலே ஊறவிடுக. மூங்கிலில் உள்ள மாச்சத்துக் கரைந்துபோக, துளைக்கும் வண்டு அணுகாது. பின்னர் நிழலிலே உலர்த்துக. முதலில் வாய்த்துளையை இட்டு நாதம் பிறக்கின்றதா என்று பார்த்து, அதன் பின் விரற்றுளைகளை இடுக. ஒவ்வொன்றையும் சிறிதாகத் தொடங்கி மெல்ல மெல்லப் பெருக்குதல் வேண்டும். துளை பெருகப் பெருகச் சுருதி ஏறும். மிகுந்துவிட்டால் மெழுகு இட்டுக் குறைக்கலாமேயன்றி முன்போல் ஆக்குதல் அரிது.

செய்தலினும் காத்தல் பெரிது. வாசித்து முடிந்ததும் மெல்லிய கோலிலே துணி சுற்றி உள்ளீரத்தைத் துடைத்தல் வேண்டும். இடையிடையே சிறிது எண்ணெய் தடவுதல் நன்று. வெயிலிலும் அடுப்பருகிலும் வைத்தல் ஆகாது. முனைகளிலும் துளைகளுக்கு இடையிலும் நூலால் இறுகச் சுற்றி வைத்தால் பிளவு ஓடாது தடுக்கலாம். மூங்கில் காலத்துக்குக் காலம் வேறுபடும் என்று உரையாசிரியர் சொன்னதன் உண்மை, மாரியிலும் கோடையிலும் ஒரே குழலை வாசிப்போருக்கு நன்கு விளங்கும்.

நமது சங்கத்திலே பண்ணிசை பயிலும் பிள்ளைகள் பலர் உளர். அவருள் நால்வர், வருகின்ற ஆண்டிலே தம் கையாற் செய்த குழலோடு ஆனாய நாயனார் குருபூசைக்கு வருவார்களாயின், அடியார்க்குநல்லார் எழுதிய கணக்கு வீண்போகவில்லை என்று மகிழ்வோம். பெரியோர் அவர்களுக்கு மூங்கிலும் பொறுமையும் தந்து உதவுக. முதற் குழல் சுருதி சேராது போகலாம்; அதனை எறிந்துவிடாது வைத்துக்கொண்டு, இரண்டாவதைத் தொடங்குக. குழலூதி அடியாரை ஆண்ட பெருமான் திருவருள் துணைநிற்பதாக.