மலிவு விலை எல்இடி பாக்கெட் டார்ச்

மலிவு விலை எல்இடி பாக்கெட் டார்ச் என்பது சட்டைப் பையில் அடங்கும் அளவில், ஒன்று முதல் மூன்று சிறு செல்களில் எரியும் கைவிளக்கு. கடைகளில் இரண்டு வகை பெருவாரியாகக் கிடைக்கிறது. ஒன்று, ஒன்பது சிறு எல்இடிகளை வட்டமாக அடுக்கி மூன்று ஏஏஏ செல்களில் எரிவது. மற்றது, ஒற்றை எல்இடிக்கு முன்னால் நகரும் லென்ஸ் வைத்து ஒரே ஏஏ செல்லில் எரியும் ஜூம் டார்ச். இவற்றின் தரத்தை முடிவு செய்வது எல்இடியைக் காட்டிலும் அதைச் சுற்றியுள்ளவைதான்: மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று, வெப்பம் வெளியேறும் வழி, சுவிட்சின் தொடுமுனை. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமன் (மொத்த ஒளியின் அளவு) எண்ணில் இவை எதுவும் தெரியாது.

டேவிட் மிசெல் என்பவர் 1899இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற குழாய் வடிவ டார்ச்சே இன்றைய டார்ச்சுகளுக்கு முன்னோடி. அதன் பின் நூறாண்டுகளுக்கு டார்ச் என்றால் இழை பல்புதான். இரண்டு பெரிய பேட்டரிக் கட்டைகள் போடும் டார்ச்சுகளில் பரவலாக இருந்த பிஆர்2 பல்பு 2.38 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுத்துச் சுமார் 10 லூமன் ஒளி தந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா 1993இல் பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கினார். நீலச் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூசி வெள்ளை ஒளி பெறும் எல்இடியை 1996இல் அந்நிறுவனமே சந்தைக்குக் கொண்டுவந்தது. நீல எல்இடிக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய மலிவு டார்ச்சுக்குள் இருப்பதும் அதே நீலச் சில்லு, மஞ்சள் பூச்சு அமைப்புதான்.

ஒன்பது எல்இடி டார்ச்

இதைத் திறந்து பார்த்தால் வியப்பாக இருக்கும்: உள்ளே சுற்று என்று சொல்லும்படி எதுவுமே இராது. மூன்று செல்களைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு, ஒரு ஸ்பிரிங், ஒன்பது எல்இடிகளும் பக்க இணைப்பில் பற்றவைக்கப்பட்ட வட்டத் தகடு, அவ்வளவே. சிலவற்றில் ஒரே ஒரு சிறு மின்தடை இருக்கும், பலவற்றில் அதுவும் இருக்காது. புது செல்கள் மூன்றும் சேர்ந்து 4.5 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே தரும். வெள்ளை எல்இடிக்கோ 3 முதல் 3.4 வோல்ட் போதும். மிஞ்சும் மின்னழுத்தத்தைத் தாங்குவது செல்லின் உள்தடையும் ஸ்பிரிங்கின் தடையும்தான். ஐந்து மில்லிமீட்டர் எல்இடிக்கு உரிய மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர். புது செல் போட்ட முதல் நிமிடங்களில் ஒவ்வொன்றும் அதைத் தாண்டியே வாங்கும்.

ஒன்பதும் ஒரே குணமுடையவை அல்ல. மற்றவற்றைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் எரியத் தொடங்கும் எல்இடி அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது, சூடாகிறது. சூடானதும் அதற்குத் தேவையான மின்னழுத்தம் இன்னும் குறைகிறது, இன்னும் அதிகம் இழுக்கிறது. வெப்பம் வெளியேற அதற்கு இருக்கும் ஒரே வழி இரண்டு மெல்லிய கம்பிக் கால்கள். சில மாதங்களில் ஒன்றிரண்டு எல்இடிகள் மங்கி நீலம் பாரித்துப் போவதன் காரணம் இதுதான். நல்ல நிலையில் ஒன்பதும் சேர்ந்து ஏறத்தாழ 20 முதல் 40 லூமன் தரும். பழைய இரண்டு கட்டை டார்ச்சோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஒளி விரிந்து பரவுவதால் நாலைந்து அடி தூரத்து வேலைக்கு மிகப் பொருத்தம்: மின்சாரம் போனதும் ஃபியூஸ் பெட்டியைப் பார்க்க, பூட்டுத் துளையைத் தேட. வரப்பில் பத்தடி முன்னால் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க இதை நம்பக் கூடாது.

செல் இறங்க இறங்க ஒளியும் இறங்கும், ஆனால் சட்டென்று அணையாது. 3 வோல்ட்டுக்கு அருகிலும் மினுக்கிக்கொண்டிருக்கும். அட்டையில் நீண்ட எரியும் நேரம் எழுதுபவர்கள் இந்த மினுக்கலையும் கணக்கில் சேர்க்கிறார்கள்.

ஜூம் டார்ச்

ஒரு ஏஏ செல்லின் 1.5 வோல்ட் வெள்ளை எல்இடியை எரியவைக்காது. ஆகவே மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சிறு சுற்று ஒன்று இதில் கட்டாயம் இருக்கும். செல் இறங்கினாலும் ஒளியை ஓரளவு நிலையாக வைத்திருக்க இந்தச் சுற்றால் முடியும் என்பதால், இரண்டு வகைகளுள் இதுவே மேலானது. அலுமினிய உடலும் எல்இடித் தகடும் நன்றாகத் தொட்டிருந்தால் வெப்பம் கைக்கு வந்துசேரும். உடல் இளஞ்சூடாக இருப்பது நல்ல அறிகுறி. சில நிமிடம் எரித்தும் உடல் குளிர்ந்தே இருந்து, ஒளி மட்டும் குறைந்துகொண்டே போனால், சூடு சில்லிலேயே தேங்குகிறது என்று பொருள்.

லென்ஸை முன்னே இழுத்துச் சுவரில் அடித்தால் சதுரமான வெளிச்சம் விழும். அது எல்இடிச் சில்லின் உருவமே. இந்த நிலையில் ஒளி தூரம் போகும். ஆனால் எல்இடியிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் ஒளி குழாயின் உட்சுவரில் பட்டு வீணாகிறது. முன்னும் பின்னும் நகரும் தலை மழைநீரையும் தூசியையும் உள்ளே இழுக்கும். ஆகவே ஜூம் டார்ச்சில் “வாட்டர்புரூஃப்” என்று எழுதியிருந்தால் அதை நம்பி மழையில் வைக்க வேண்டாம்.

அட்டையில் உள்ள எண்கள்

“500 லூமன், 10 மணி நேரம், ஒரு ஏஏ செல்” என்று ஒரு டார்ச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாட்டுக்கு 150 லூமன் தரும் உயர்ந்த எல்இடி என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும் இதற்கு 33 வாட்மணி ஆற்றல் வேண்டும். நல்ல ஆல்கலைன் ஏஏ செல்லில் இருப்பது சுமார் 3 வாட்மணி. மூன்று ஏஏஏ செல்கள் சேர்ந்தாலும் 3.5 வாட்மணியை ஒட்டித்தான் வரும். எந்தச் சுற்றாலும் செல்லில் இல்லாததை எடுத்துத் தர முடியாது. வாங்குபவர் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான பொய் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

நேர்மையாக அளக்க வழி இல்லாமல் இல்லை. 2009இல் வந்த அமெரிக்கத் தரநிலையான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1, எரியவைத்து 30 விநாடிக்குப் பிறகே லூமனை அளக்கச் சொல்கிறது. ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை கழியும் நேரமே எரியும் நேரம். ஒளி 0.25 லக்ஸாக, அதாவது முழுநிலவின் வெளிச்ச அளவுக்கு, இறங்கும் இடமே வீச்சுத் தூரம். 2,500 கேண்டெலா (ஒரு திசையில் குவியும் ஒளியின் செறிவு) உள்ள டார்ச்சின் வீச்சு இக்கணக்கில் 100 மீட்டர். அதை 200 மீட்டராக்க 10,000 கேண்டெலா தேவை. தூரத்தைத் தீர்மானிப்பது லூமன் அல்ல, கேண்டெலா. மலிவு டார்ச்சுகளின் அட்டையில் கேண்டெலா எண்ணைக் காண்பது அரிது.

ஒளியின் நிறமும் கவனிக்கத்தக்கது. மலிவு எல்இடிகள் 6,500 கெல்வினை ஒட்டிய நீலம் கலந்த வெள்ளையையே தருகின்றன. இதில் சிவப்பு குறைவு. மண்ணும் மரப்பட்டையும் சாம்பல் நிறமாகத் தெரியும், சிவப்பு, பழுப்பு வயர்களைப் பிரித்தறிவது கடினமாகும். குறைந்த ஒளி நிலையில் சில டார்ச்சுகள் எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கின்றன. சுழலும் மின்விசிறி மீது அடித்தால் இறக்கைகள் துண்டுதுண்டாகத் தெரிவதைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்கலாம்.

பழுதும் பராமரிப்பும்

மலிவு டார்ச் கெட்டுப்போனது என்று தூக்கி எறியப்படும்போது பெரும்பாலும் எல்இடி நன்றாகவே இருக்கும், சுவிட்ச்தான் போயிருக்கும். சோதிப்பது எளிது. ஆல்கலைன் செல் போட்டுப் பின்மூடியைக் கழற்றி, செல்லின் அடிப்பாகத்தையும் குழாயின் பூச்சில்லாத விளிம்பையும் சிறு கம்பியால் இணைக்க வேண்டும். முன்பைவிடப் பளிச்சென்று எரிந்தால் குற்றம் மூடிக்குள் இருக்கும் சுவிட்சில். மரையையும் தொடுமுனைகளையும் துணியால் துடைத்தாலே பல டார்ச்சுகள் உயிர் பெறும்.

ஏஏ அளவிலேயே வரும் 14500 லித்தியம் அயான் செல் முழுதாக ஏற்றப்படும்போது 4.2 வோல்ட் தரும். அதற்கென வடிவமைக்கப்படாத டார்ச்சில் போட்டால் சுற்று கருகிவிடக்கூடும். சாதாரண உபயோகத்துக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்களே உகந்தவை. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் என்பதால் ஒன்பது எல்இடி டார்ச்சில் மொத்தம் 3.6 வோல்ட்தான் வரும், எல்இடிகள் சூடாவது குறையும். மூன்று செல் டார்ச்சில் பழையதையும் புதியதையும் கலந்து போடக் கூடாது. பலவீனமான செல் மற்ற இரண்டால் எதிர்த்திசையில் மின்னேற்றம் பெற்று ஒழுகும். ஆல்கலைன் செல்லிலிருந்து ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காய்ந்து வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கும். கையுறை போட்டு, வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவைத்த பிறகே புது செல் போட வேண்டும்.