துணைக்கு யார் வந்திருக்கிறார்கள்? வட தமிழகத்து உளச்சிகிச்சையில் குடும்பத்தின் இடம்

பள்ளிப்பட்டு வட்டத்தில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்று வீட்டுக்குத் தெரியவந்தால், கூட்டிப்போவதற்கு மூன்று திசைகள் உண்டு. ஆர்.கே.பேட்டை வழியாகப் போனால் சோளிங்கர் மலை. அதையும் தாண்டிப் போனால் வேலூர். கிழக்கே திருத்தணியைக் கடந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் சென்னைக் கீழ்ப்பாக்கம். ஒன்று கோயில், ஒன்று மிஷன் மருத்துவமனை, ஒன்று அரசு மருத்துவமனை. தென்னிந்தியாவில் மனநலச் சிகிச்சை எப்படி வளர்ந்தது என்பதை இந்த மூன்று ஊர்களை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

உளச்சிகிச்சையின் வரலாறு வழக்கமாக வியன்னாவில், சிக்மண்ட் பிராய்டின் சாய்வு மெத்தையில் தொடங்கும். அங்கே இருப்பவர்கள் இரண்டே பேர்: பேசுபவர், கேட்பவர். கதவு சாத்தியிருக்கும். நம் பக்கத்தில் அந்தக் கதவு ஒருபோதும் முழுதாகச் சாத்தப்படவில்லை. அம்மாவோ அண்ணனோ கூடவே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். வெவ்வேறு காலத்துச் சிகிச்சை முறைகள் அந்த உறவினரை என்ன செய்தன என்று பார்த்தால் இந்த வட்டாரத்தின் வரலாறு தெளிவாகிறது.

சோளிங்கர் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெரிய மலையில் யோக நரசிம்மர், எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். மனநோய் கண்டவர்களையும், காத்து கருப்பு அண்டியதாக வீட்டார் நம்புகிறவர்களையும் இங்கே அழைத்து வருவது பழைய வழக்கம். தக்கான் குளத்தில் குளித்து, ஈரத்துணியோடு மலையேறி, சில நாட்களோ பல வாரங்களோ அங்கேயே தங்குவார்கள். யாரும் தனியாக வருவதில்லை. வீட்டார் ஒருவர் கூடவே குளிப்பார், படியேறுவார், சோறு ஊட்டுவார்.

இந்த மாதிரித் தங்கலால் உண்மையில் பலன் உண்டா? இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் தென் தமிழகத்தில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 நோயாளிகளை 2000ஆம் ஆண்டு ஆராய்ந்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரத் தங்கலுக்குப் பிறகு நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. முடிவுகள் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தன. அந்தக் கோயிலில் பேயோட்டலும் இல்லை, சாட்டையடியும் இல்லை. காலை வழிபாடு, சின்னச் சின்ன வேலைகள், துணைக்கு ஓர் உறவினர், அதட்டாத சூழல், அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. ஆகவே கோயிலே போதும் என்று இதை வைத்து வாதிட முடியாது. ஆனால் கூட இருப்பதற்கே மருத்துவப் பயன் உண்டோ என்ற கேள்வியை அது எழுப்பியது.

கிழக்குத் திசையின் கதை வேறு. சென்னையில் 1794இல் வாலன்டைன் கானொலி என்ற அறுவை மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஒரு காப்பகம் தொடங்கினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு, லோக்காக் தோட்டம் என்ற பெரிய வளாகத்துக்கு, 145 நோயாளிகளோடு இடம் மாறியது. 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. காப்பகம் என்ற ஏற்பாட்டின் அடிப்படையே பிரித்து வைப்பது. உறவினர் வாசல் வரை வருவார், கையெழுத்துப் போடுவார், திரும்பிப் போவார். பலர் மறுபடி வரவே இல்லை. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே தமிழ் சினிமாவில் வசைச்சொல்லாக மாறியது இந்தப் பிரிவின் மிச்சம். 1960, 70களில் அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் புறநோயாளிப் பிரிவையும் தொழிற்பயிற்சியையும் வளர்த்து, நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பப் பெரும்பாடு பட்டார். ஓய்வுக்குப் பிறகு 1984இல் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தையும் தொடங்கினார்.

பேசித் தீர்க்கும் சிகிச்சை இந்தியாவுக்குத் தாமதமாக வரவில்லை. கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் 1922லேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிவிட்டார். பிராய்டுடன் கடிதத்தில் கருத்து மோதும் துணிவும் அவருக்கு இருந்தது. ஆனாலும் அந்தச் சிகிச்சை படித்த நகரவாசிகளின் எல்லையைத் தாண்டவில்லை. ஏன் தாண்டவில்லை என்பதற்கு 1964இல் என்.சி. சூர்யாவும் எஸ்.எஸ். ஜெயராமும் எழுதிய கட்டுரை ஒரு விடை தந்தது. இந்திய நோயாளி மனத்தின் அடியாழத்தில் காரணம் தேடுவதைவிட, கண்ணெதிரே உள்ள சிக்கலுக்குக் கைகொடுப்பவரைத் தேடுகிறார், மருத்துவரைக் குடும்பத்துப் பெரியவராக நடத்தவும் தயங்குவதில்லை என்பது அவர்களின் கணிப்பு. நெசவையும் விவசாயத்தையும் நம்பி வாழும் பள்ளிப்பட்டு போன்ற ஊரில், ‘டாக்டர் ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்’ என்று மகனை அழைத்துவரும் தந்தையைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

உறவினரைச் சிகிச்சைக்குள்ளேயே சேர்த்துக்கொண்ட முதல் பெரிய முயற்சி பஞ்சாபில் நடந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். அவர்களோடு உட்கார்ந்து நோயைப் பற்றிப் பேசினார். வேலூரில் இது ஒரு நிறுவனத்தின் நிலையான முறையாகவே ஆனது. கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர் புளோரன்ஸ் நிக்கோல்ஸின் முயற்சியால் 1957இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் உருவானது. நோயாளியை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமானால் ஓர் உறவினர் உடன் தங்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை.

இதை ஆள்பற்றாக்குறைக்குக் கண்ட வழி என்று ஒதுக்கிவிடலாகாது. செவிலியர் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் பாகாயத்தில் உறவினர் வெறும் காவலுக்கு இருப்பவர் அல்லர். அவர் மருந்தின் பெயரும் பக்கவிளைவும் கற்றுக்கொள்வார். நோய் திரும்புவதன் முன்னறிகுறிகள் எவை என்று தெரிந்துகொள்வார். இது சோம்பேறித்தனம் இல்லை, நோய் என்பதைப் பக்கத்து அறைக் குடும்பத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார். இந்த அனுபவத்தை கோல்மேயரும் ஃபெர்னாண்டஸும் 1963இல் அமெரிக்க இதழிலும், ரேச்சல் சாக்கோ 1967இல் இந்திய இதழிலும் எழுதினார்கள். ஆபிரகாம் வர்கீஸ் 1988இல் அதை ‘வேலூர்ச் சோதனை முயற்சி’ என்றே குறித்தார். (நாவலாசிரியர் வர்கீஸ் வேறு, இவர் வேறு.)

பாகாயம் உருவான காலத்தில் மேற்கில் நிலவிய சிந்தனையைப் பக்கத்தில் வைத்தால்தான் இதன் புதுமை தெரியும். மனச்சிதைவை உண்டாக்குபவள் தாயே என்ற கருத்தை ஃபிரீடா ஃப்ராம்-ரைக்மன் 1948இல் எழுதியிருந்தார். கிரெகரி பேட்சனின் குழு 1956இல் வீட்டின் முரண்பட்ட பேச்சில் நோயின் வேரைத் தேடியது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன், குறை சொல்லிக்கொண்டே இருக்கும் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்புவதைக் கண்டார். பிரவுனின் கண்டுபிடிப்பு காலத்தை வென்று நின்றது. தாயைக் குற்றவாளியாக்கிய கொள்கை உதிர்ந்துபோனது. மேற்கில் தாய் கூண்டில் நின்ற காலத்தில், பாகாயம் அவளுக்குத் தங்க ஓர் அறை கொடுத்திருந்தது.

பள்ளிப்பட்டுக்கு இந்த வரலாற்றில் மொழி சார்ந்த ஒரு பங்கும் உண்டு. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள், மாநில எல்லை குறித்த படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லை மாறினாலும் வீட்டுப்பேச்சு மாறவில்லை. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர் இது. மனக்குறையை மருந்துச்சீட்டின் மொழியில் சொல்ல முடியாது, அழுத மொழியில்தான் சொல்ல வரும். தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும் அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள உடன் இருக்கும் உறவினர் பல நேரம் பாலமாகிறார்.

இனி இதன் மறுபக்கம். துணை இருக்க வேண்டும் என்ற விதி, துணை இல்லாதவர்களுக்குக் கதவை அடைக்கிறது. துணை என்றால் பெரும்பாலும் பெண். தறியையோ கூலியையோ விட்டுவிட்டு வாரக்கணக்கில் தங்குபவர் தாய் அல்லது மனைவி. அந்தப் பெண்ணுக்கே நோய் வந்தால்? மணமுறிந்த 76 பெண் மனச்சிதைவு நோயாளிகளை ஆராய்ந்து ஆர். தாராவும் குழுவினரும் 2003இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, இவர்கள் இரட்டிப்பாகப் பாதிக்கப்பட்டவர்களா என்று கேட்டது. வீட்டில் அடிவாங்கித் துவண்ட பெண்ணிடம், அடித்தவரையே பக்கத்தில் உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொன்னால் அவர் என்ன பேசுவார்? குடும்பத்தைப் போற்றும் நம் மனநல எழுத்துகள் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன.

குடும்பம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. கூட இருத்தலே சிகிச்சையாக இருந்த வழிபாட்டிடம், கூட இருப்பவர் போனதும் வெறும் கட்டுத்தறியாக மாறியிருந்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. அதைவிட ஆழமான மாற்றம் ஒன்றையும் செய்தது. தன் சார்பில் முடிவெடுக்க உதவும் பிரதிநிதியை நோயாளியே எழுத்தில் நியமிக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தோழியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். 1794 முதல் உறவினரை வெளியே நிறுத்துவதா, உள்ளே சேர்ப்பதா என்று மருத்துவரும் அரசும் தீர்மானித்து வந்தார்கள். அந்தத் தீர்மானத்தை இப்போது சட்டம் நோயாளியின் கையில் கொடுத்திருக்கிறது.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை இன்னொரு படி முன்னே போகிறது. 14416 என்ற எண்ணில் தமிழிலோ தெலுங்கிலோ பேசலாம், கட்டணம் கிடையாது. பள்ளிப்பட்டில் இருக்கும் ஒருவர் எந்த மலைக்கும் எந்த மருத்துவமனைக்கும் போகாமல், வீட்டாருக்குச் சொல்லாமலேயே தன் சங்கடத்தைப் பேசிவிட முடிகிறது. தொடர்ந்த சிகிச்சையும் மருந்தும் வேண்டியவர்களை அந்த ஆலோசகர்களும் நேரில் மருத்துவரிடம்தான் அனுப்புகிறார்கள். அங்கே பதிவுச்சீட்டு எழுதுபவர் இன்னமும் முதலில் கேட்பது, துணைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்றுதான்.