கல்வி முதுமாணி (இலங்கை, கல்முனைப் பிரதேசம்)

பணியிலுள்ள ஆசிரியர்களும் அதிபர்களும் பயிலும் பட்டப்பின் படிப்பு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆசிரியர்களில் பலருக்கு முதற்படி அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரி. அங்கு ஈராண்டு வதிவிடக் கற்கை, ஓராண்டு கட்டுறு பயில்வு. அடுத்து கல்விமாணி, அல்லது வேறொரு பட்டம் பெற்றபின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. முதுமாணியைக் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடம், திறந்த பல்கலைக்கழகம் முதலியன நடத்துகின்றன.

பாடநெறி: இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் 9ஆம் மட்டத்தில் குறைந்தது 30 கிரெடிட், கணிசமான ஆய்வும் சேரும் 10ஆம் மட்டத்தில் 60. கல்வி உளவியல், கலைத்திட்டம், அளவீடும் மதிப்பீடும், ஆய்வு முறையியல் ஆகியன முதன்மைப் பாடங்கள்.

பயன்: தரம் 3இலும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளையின் இடர்ப்பாட்டைப் பதிவுசெய்து, மாற்று முறையைச் சோதித்து, விளைவை ஒப்பிடும் பயிற்சியை ஆசிரியர் பெறுகிறார். இப்படிப்பின் உண்மையான பெறுமதி, சம்பளப்படியைவிட, இந்த வகுப்பறை ஆய்விலேயே உள்ளது.