ஊர்ப்பெயரும் வாத்தியப்பெயரும்

காவிரிக் கரையில் வாத்தியக்காரனின் பெயருக்கு முன்னால் ஊர் நிற்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளை, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. கோடம்பாக்கத்தில் அந்த இடத்தில் கருவி வந்து உட்கார்ந்துகொண்டது: ஷெனாய் சத்யம், அக்கார்டியன் மங்களமூர்த்தி, புல்லாங்குழல் நஞ்சப்பா. இந்த இடமாற்றத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் சங்கீத விமர்சகர்கள் அதைப் பொருட்படுத்தியதில்லை; சினிமா என்றதும் அவர்களுக்குக் காது அடைத்துவிடுகிறது.

குடமுருட்டி பிரிகிற திருக்காட்டுப்பள்ளியில் இருந்துகொண்டு எழுதுகிறேன். இங்கே மேளக்காரப் பையனின் பாதை தெரிந்ததுதான். குரு வீட்டில் ஏவல் செய்வான், காதால் வாங்கிக்கொள்வான், கோயில் புறப்பாட்டில் இரண்டாம் நாயனம் பிடிப்பான். ஒரு ராகத்தை எவ்வளவு நேரம் நிறுத்தி வாசிக்க முடியும் என்பதே அவனுக்குப் பரீட்சை. ரிக்கார்டிங்குக்குப் போகிறவனுக்குப் பரீட்சை வேறு. எட்டு மாத்திரையில் வந்து, எட்டு மாத்திரையில் விலக வேண்டும். காலையில் கைக்கு வரும் தாளை அங்கேயே படித்து வாசிக்க வேண்டும். பாடகரும் வாத்தியங்களும் ஒன்றாக ஒலிப்பதிவான நாட்களில் ஒருவன் பிசகினால் அத்தனை பேரும் முதலிலிருந்து வாசிக்க நேர்ந்தது. பிசகாமல் இருப்பதே அங்கே வித்வத்.

இது பட்டணத்தில் பிறந்த தொழில் என்று நினைக்க வேண்டாம். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தஞ்சையில் மேற்கத்திய பாண்டு வைத்திருந்தார். அக்காலத்து மேல்நாட்டு ஸ்வரத்தாள்கள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. தஞ்சை வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் 1834இல் கொடுத்த தந்தப் பிடிலைப் பற்றி எங்கள் பக்கத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். பாண்டில் வாசித்தவர்கள் யார் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கோடம்பாக்கத்து வாத்தியக்காரன் இந்த வம்சம் என்றே எனக்குப் படுகிறது. (கவுண்டரில் உட்கார்ந்து பிறர் பணத்தைப் பிசகாமல் எண்ணுகிறவனுக்கு இந்த உறவு சட்டென்று புரிகிறது.)

விருந்தாளியாக வந்தவர்கள் பெயரோடு வந்து பெயரோடு போனார்கள். ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) வாசித்த காருகுறிச்சி அருணாசலம் அப்படி. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) இன்னும் விசித்திரம்: கதாநாயகனுக்குச் சிக்கல் என்ற நம் பக்கத்து ஊர், நாயனமோ மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஊர்ப்பெயரைக்கூட நடிகருக்குக் கடன் கொடுத்திருக்கிறது டெல்டா. தினப்படி வந்து வாசித்தவர்களுக்கு இந்த மரியாதை இல்லை.

அந்த வரிசையிலிருந்து எழுந்துவந்தவர்கள் உண்டு. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் கற்று, பிறர் இசையில் கிடார் வாசித்துவிட்டு, 1976இல் ‘அன்னக்கிளி’க்கு வந்தார். ரஹ்மானும் தன்ராஜிடம் படித்தவர். 1976இல் தந்தை ஆர்.கே. சேகர் இறந்தபின், பள்ளிப் பருவத்திலேயே கீபோர்டு வாசிக்கப் போனவர். 1992இல் ‘ரோஜா’. பின்பு அவருடைய ஒலிநாடா உறைகளில் வாசித்தவர்களின் பெயர்கள் அச்சாயின. அதற்குள் கீபோர்டிலிருந்தே வயலின் கூட்டம் கேட்கத் தொடங்கியிருந்தது. பின்வரிசை வயலின்காரர்களுக்கு அழைப்பு குறைந்துகொண்டிருந்தது.